தலைகீழ் யானை

எங்கள் செஸ் கிளப் ஆரம்பித்தது செருப்பு விடும் இடத்தில். காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்தெருவில், ஒரு வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குச் செஸ் வகுப்பு நடந்தது. பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு, பெற்றோர் நாங்கள் கீழே கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். சுற்றிலும் குட்டிக் குட்டிச் செருப்புகள். கொஞ்ச நாள் போனைப் பார்த்தோம். கொஞ்ச நாள் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டைத் திட்டினோம். அதுவும் அலுத்துப் போனபோது யாரோ மாடியிலிருந்து ஒரு பழைய பலகையைக் கீழே கொண்டுவந்தார்கள். குதிரை எப்படிப் போகும் என்று என் மகளிடம் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பஸ்ஸில் சில்லறை இல்லாதவளைக் கண்டக்டர் பார்க்கிற பார்வை.

அப்புறம் என்ன, பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செஸ்ஸை விட்டார்கள். என் மகள் பேட்மின்டனுக்குப் போனாள், அங்கிருந்து பாட்டுக்குப் போனாள், இப்போது எங்கேயும் போவதில்லை. நாங்கள்தான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால், கூட்டிவரப் பிள்ளை இல்லாமலேயே வந்து உட்கார்ந்துவிடுவோம். வீட்டுக்காரம்மா முதலில் முறைத்தார். பிறகு அவரும் ஒரு நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்.

அந்தக் கூட்டத்தில் எனக்குச் சரியான எதிரி ஒருத்தர்தான். பூந்தமல்லிக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அவர் மகன் என் மகளோடு ஒரே பேட்ச், அவனும் சீக்கிரமே விட்டுவிட்டான். நான் போரூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்ப்பவள், கரூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை, இரண்டு பேரும் அதைத் தீர்க்க விரும்பவும் இல்லை.

ஆடும்போது வாய் ஓயாது அவருக்கு. "இன்னாக்கா, குதிரைய இங்க கட்டி வெச்சிகீற? புல்லு போட யாரு வருவா?" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபத்தில் ஏதாவது தப்பாக நகர்த்துவேன். உடனே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், பலகையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று இருக்கும்.

அவர் கொண்டுவந்த ஒரு சட்டம் எங்கள் கிளப்பில் உண்டு. எதிராளியின் ராணியை வெட்டிவிட்டால், ஆட்டம் முடியும்வரை அதைத் திருப்பித் தரக் கூடாது. "ஜெயில்ல போட்ட ராணிய எவனாச்சும் தொறந்து உடுவானா?" என்று கேட்டு, வெட்டிய ராணியைக் கைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே யோசிப்பார். விளையாட்டாகச் சொன்னது நாளாவட்டத்தில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் அதை ராணியாக மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? எங்கள் கிளப்பில் அதற்கு வெளியே ராணி இருக்காது, ராணி ஜெயிலில் இருக்கும். அதனால் வெட்டுப்பட்டுக் கிடக்கும் யானையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்போம். கவிழ்ந்த யானை என்றால் ராணி. யாரும் கேள்வி கேட்டதில்லை. சின்னப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும்.

இப்போது என் ஆசையைச் சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள், பரவாயில்லை. எனக்கு ரேட்டிங் வேண்டும். ரேட்டிங் உள்ள ஆட்டக்காரர்களோடு பெரிய போட்டிகளில் ஆடி, போதுமான புள்ளி எடுத்தால் ஓர் எண் கொடுப்பார்கள். உலகத்தில் எங்கிருந்து யார் தேடினாலும் அந்தப் பட்டியலில் நம் பேர் வரும். எண் பெரியதா சின்னதா என்பது எனக்குப் பொருட்டே இல்லை. எனக்கு வேண்டியது அந்தப் பேர்.

ஏனென்றால் என் பேர் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. வகுப்பில் நான் பாப்பா அம்மா. எங்கள் குடியிருப்பில் பி பிளாக் மேடம். ஆபீசில் சேலரி மேடம், அதுவும் மாசக் கடைசியில் மட்டும். வீட்டில் என் வீட்டுக்காரர் "இந்தாம்மா" என்றால் நான்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். இதில் யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை, எல்லோரும் அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனாலும் அப்பா அம்மா யோசித்து வைத்த பேர் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று வயிறு எரியும். யாருடைய அம்மா, யாருடைய மனைவி என்று எதுவும் ஒட்டாமல், வெறும் என் பேர் மட்டும் ஓர் இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னபோது, "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றாள் மகள். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆடட்டும் விடு, உடம்புக்கு நல்லது" என்றார். நடைப்பயிற்சிக்குப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்போல.

ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் போட்டி நடந்தது. எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் புள்ளிகள் சேர்ந்திருந்தன. ஆனால் அதற்குக் காலாவதி உண்டு, மாத்திரை அட்டை மாதிரி. இந்தப் போட்டியில் ரேட்டிங் வராவிட்டால் பழையதெல்லாம் போய், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு தடவை அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை வீட்டில் வாதாடி வாங்க எனக்குத் தெம்பு இல்லை.

முந்தின நாள் அங்கே ஏதோ வரவேற்பு நடந்திருக்கிறது. மேடையில் பொண்ணு மாப்பிள்ளை பேர்கள் தெர்மாகோல் எழுத்தில் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே வரிசையாகப் பலகைகள். காற்றில் வாடின மல்லிகை வாசமும் ரசத்து வாசமும். அந்தப் பேர்களுக்குக் கீழே உட்கார்ந்து நான் ஒரு ஆட்டம் தோற்றேன், ஒன்று ஜெயித்தேன், ஒன்றை டிரா செய்தேன். கடைசி ஆட்டத்துக்கு முன்பு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுதானே என் தொழில். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தால் ரேட்டிங் வரும். டிரா என்றால் வராது. திரும்பத் திரும்பப் போட்டாலும் விடை அதேதான்.

மதியம் தயிர் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதே போட்டியில் ஆட வந்திருந்த பூந்தமல்லி அண்ணா, அடுத்து யாரோடு யார் ஆடுவது என்று சுவரில் ஒட்டியிருந்த ஜோடிப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அக்கா, லாஸ்ட் ரவுண்டுல எனக்கு யாரோ ஒரு லேடி வந்துகீது. யாருன்னே தெர்ல. நீ பாத்துகீறியா?" என்று ஒரு பேரைச் சொன்னார். இனிஷியலையும் சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாக, ஞாபகம் வைத்துச் சொன்னார்.

"அது நான்தாண்ணா" என்றேன்.

மனிதர் அப்படியே நின்றுவிட்டார். "அட இன்னாக்கா! இத்தினி வருசமா ஒண்ணா ஒக்காந்துகினு கீறோம், உன் பேரு எனக்குத் தெர்லயே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் பேரும் எனக்குத் தெரியாது, பிறகு பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அதை நான் சொல்லவில்லை. என் ஃபோனில் அவர் 'பூந்தமல்லி அண்ணா'.

பக்கத்தில் உட்கார்ந்து என் பொட்டலத்திலிருந்து மாங்காய் ஊறுகாயை எடுத்துக்கொண்டார். ரேட்டிங் விஷயத்தைச் சொன்னேன். ஜெயித்தால்தான் என்றும் சொன்னேன். அவருக்கு ரேட்டிங் எப்போதோ வந்துவிட்டது.

"அக்கா, ஒண்ணு சொல்லிட்றேன். நான் உட்டுத் தர மாட்டேன்."

"யார் கேட்டா?" என்றேன். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "விட்டுக் குடுத்து ஜெயிக்கிறதுக்கு நான் எங்க வீட்டுக்காரர்கூட ஆட மாட்டனா?"

"அப்போ சரி" என்று இன்னொரு துண்டு ஊறுகாயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசி ஆட்டம். எனக்கு வெள்ளைக் காய். அங்கே பேசக் கூடாது என்பதால் அவருடைய பெரிய ஆயுதம் போயிற்று. கேலி பேசாத அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. ஆனால் ஆட்டம் சும்மா சொல்லக் கூடாது, நன்றாக ஆடினார். நடுவில் ராணிக்கு ராணி வெட்டிக்கொண்டோம். என் ராணியை எடுத்ததும் பழக்க தோஷத்தில் கைக்குள் வைத்துக்கொண்டார். உருட்டத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு ஏனோ நிதானப்பட்டது. ஏதோ நம் கார் ஷெட்டில் ஆடுகிற மாதிரி இருந்தது.

நிதானமாக ஆடினால் நானும் மோசமில்லை. காய்கள் ஒவ்வொன்றாகப் போயின. பக்கத்துப் பலகைகள் முடிந்து நாற்காலிகள் காலியாயின. கடைசியில் பலகையில் மூன்றே காய்கள். என் ராஜா, கடைசிக் கட்டத்துக்கு ஒரே அடி பாக்கியாக என் சிப்பாய், மூலைக்கு விரட்டப்பட்ட அவர் ராஜா. அடுத்த நகர்வில் சிப்பாய் ராணியாகும். ராணி வந்தால் ஆட்டம் முடிந்தது. மேடையில் இருந்த தெர்மாகோல் எழுத்துகளைப் பார்த்தேன். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன், அப்படி ஒரு தாராளம் வந்துவிட்டது எனக்கு.

சிப்பாயைக் கடைசிக் கட்டத்தில் வைத்தேன். என் ராணி அவர் கைக்குள் இருந்தது. அதைக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம்! வெட்டுப்பட்டுக் கிடந்த என் யானையை எடுத்து, சிப்பாய் இருந்த இடத்தில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் முறை முடிந்ததற்குக் கடிகாரத்தைத் தட்டினேன்.

அவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை நிறுத்தினார்.

"ஸ்டேல்மேட்டுக்கா" என்றார் மெதுவாக.

அடக் கடவுளே. அப்போதுதான் பார்த்தேன். அவர் ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் நகரவும் ஓர் இடமில்லை. நாலு பக்கமும் என் ராணியும் என் ராஜாவும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அப்படி ஆனால் ஆட்டம் டிரா. பயந்து மூலைக்கு ஓடுகிறார் என்று நான் நினைத்தேனே, மனிதர் திட்டம் போட்டுத்தான் ஓடியிருக்கிறார். தோற்கிற ஆட்டத்தில் அரைப் புள்ளியைப் பறித்துவிட்டார். அருமையான ஆட்டம். அருமை என்று பாராட்ட அப்போது எனக்கு மனசில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வயதில் ஒரு கல்யாண மண்டபத்தில் சிப்பாய்க்காக அழுதாள் என்று ஆகிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் முகத்திலும் சிரிப்பு வரவில்லை. வழக்கமாக வரும் அந்தச் சிரிப்பு வந்திருந்தால்கூடத் தேவலை, திட்டியாவது இருப்பேன். "சாரிக்கா" என்று சொல்லி, முடிவைப் பதியக் கையைத் தூக்கிப் போட்டி நடுவரான ஆர்பிட்டரைக் கூப்பிட்டார்.

ஆர்பிட்டர் இளைஞர், கழுத்தில் அட்டை தொங்கியது. வந்து குனிந்து பார்த்தார். "ஏன் சார் கடிகாரத்த நிறுத்தினீங்க? ஆட்டம் முடியலையே."

"ஸ்டேல்மேட்டு சார். டிரா."

"எப்படி சார் ஸ்டேல்மேட்? உங்க ராஜாவுக்கு இந்தக் கட்டம் இருக்கே. யானை நேராத்தான் போகும், இங்க பார்க்காதே."

"யானையா? இன்னா சார் நீ, தலைகீயா வெச்சிகீறாங்கல்ல? ராணி சார் அது."

"தலைகீழா வச்சாலும் யானை யானைதான் சார். ரூல்லயே இருக்கு. வாயால ராணின்னு சொன்னாக்கூட யானைதான்."

"எங்க கிளப்புல இதான் சார் ராணி!" அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. தூரத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "வோணும்னா அக்காவையே கேளு."

ஆர்பிட்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யானை என்றால் ஆட்டம் தொடரும், தொடர்ந்தால் அடுத்த நகர்வில் நான் ஜெயிப்பேன். அது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் பொய் சொல்கிறார் என்று அந்தப் பையன் நினைத்துவிடுவானோ என்பதுதான் எனக்கு முன்னால் நின்றது. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"ஆமா சார். ராணின்னு நினைச்சுத்தான் வச்சேன்" என்றேன். சொன்ன பிறகு, போச்சுடா என்று உள்ளே ஒன்று இடிந்தது.

"நீங்க என்ன நினைச்சீங்கங்கறது எனக்குத் தேவையில்ல மேடம். போர்டுல என்ன நிக்குதோ அதான்" என்று சொல்லி, கவிழ்ந்து கிடந்த யானையை எடுத்து நிமிர்த்தி வைத்தார். கடிகாரத்தை ஓடவிட்டார். "உங்க மூவ் சார்."

அவர் தன் கையை விரித்துப் பார்த்தார். உள்ளே என் வெள்ளை ராணி வியர்வையில் மினுமினுத்தது. அவர் போட்ட ஜெயில் சட்டம் அவரையே பிடித்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கஷ்டமாக இருந்தது. அந்த அரைப் புள்ளியை அவர் மூளையைக் கசக்கிச் சம்பாதித்திருந்தார். நான் ஜெயிக்கப்போவது கை பழகின பழக்கத்தால். எனக்கு அந்தப் பேர் வேண்டும், ரொம்ப வேண்டும். ஆனால் இப்படியா?

என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. "டிரா பண்ணிக்கலாங்ண்ணா."

அவர் நிமிர்ந்தார். அப்படி ஒரு கோபத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

"பிச்ச போட்றியாக்கா?" என்றார் அடிக்குரலில். "நான் மதியமே இன்னா சொன்னேன்? உட்டுத் தர மாட்டேன்னு சொன்னேன்ல. நீ இன்னா சொன்ன? யாரு கேட்டான்னு சொன்ன. இப்போ நான் கேக்கறேன். யாரு கேட்டா?"

ஆர்பிட்டர், "சார், பேசாம ஆடுங்க" என்றார்.

அவர் ராஜாவுக்கு இருந்தது ஒரே ஒரு கட்டம். அதில் நகர்த்தினார். கடிகாரத்தை அடித்தார். கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். யானையை மூலைக்குக் கொண்டுபோனால் செக்மேட். நான் யானையைத் தொடாமல் அவரையே பார்த்தேன். "நகுத்துக்கா, டைம் போது" என்றார். கோபம் போய்விட்டிருந்தது குரலில். நகர்த்தினேன்.

கையை நீட்டினார். குலுக்கினோம். அப்போதுதான், தொழிலில் எப்போதும் எண்ணெய் படும் அந்த உள்ளங்கைக்குள் இன்னும் ராணி இருப்பது என் கையில் இடித்தது. அதை என் கையிலேயே விட்டுவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார்.

"திருப்பித் தரக் கூடாதேண்ணா" என்றேன்.

"அது நம்ம ஷெட்டு சட்டம். இங்க வேற" என்றார். பிறகு, "அந்த ஸ்டேல்மேட்டு ஷோக்கா இருந்திச்சா இல்லியா, அத்த சொல்லு மொதல்ல."

"பிரமாதம்ண்ணா. நான் பார்க்கவே இல்ல."

"ம்" என்றார். வழக்கமான அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் போன உயிர் வந்தது.

ஆர்பிட்டர் பேனாவோடு மேடைப் பக்கம் தன் மேசைக்குப் போயிருந்தார். அங்கிருந்தே, "அந்தக் கடைசி போர்டு என்ன ஆச்சு? யார் ஜெயிச்சது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணா எழுந்தார். இனிஷியலைச் சொல்லி, அதற்குப் பின்னால் என் பேரை முழுசாக, அழுத்தம் திருத்தமாக, மண்டபம் கேட்கச் சொன்னார். பாதி காலியாக இருந்த அந்த மண்டபத்தில் அது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கடைசியாக ஒரு கல்யாண மண்டபத்தில் என் பேர் அப்படிச் சத்தமாகக் கேட்டது என் கல்யாணத்தன்று. அன்றைக்கு அதோடு இன்னொரு பேரும் ஒட்டியிருந்தது.

ஆர்பிட்டர் தாளில் தேடினார். "அது யாரு?"

எழுந்து நின்றேன். ராணி இன்னும் கைக்குள்தான் இருந்தது.

"நான்தான் சார்" என்றேன்.